பட்டறையை மூடாமல், வடிவமைப்பும் புத்தாக்கமும் முதுநிலையில் பகுதி நேரமாகப் படிக்க முடியுமா?

கேள்வி: பட்டறைக்காரன், ஆத்தங்குடி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது முப்பத்திரண்டு. சிவில் பிரிவில் பி.இ. முடித்து, சென்னையில் இரண்டு ஆண்டுகள் கட்டுமான வேலை பார்த்தேன். சித்தப்பாவின் உடல்நிலை தளர்ந்த பிறகு ஊருக்குத் திரும்பி, ஆறு ஆண்டுகளாக அவருடைய டைல்ஸ் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூத்தவர் நாற்பது ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவர்.

ஆத்தங்குடிக் கல் என்று நாங்கள் சொல்லும் இந்தத் தரை டைல்ஸைச் சூளையில் சுடுவதில்லை என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் குழைத்த நிறங்களைப் பூ, இலை, கரை என்று கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்கியெடுத்து, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் மணலும் சிமெண்டும் சேர்ந்த ஈரக் கலவையை நிரப்பி, இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பதப்படுத்துகிறோம். கல்லின் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி தந்ததுதான். இந்த வேலையை எங்கள் ஆட்களை விட நன்றாகச் செய்ய எவராலும் முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் வேலை பட்டறை வாசலைத் தாண்டியதும் சிக்கல்கள் தொடங்கிவிடுகின்றன. பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கைப்பேசியில் படம் பார்த்து ஆர்டர் கொடுப்பவர்கள், கல் வந்து இறங்கியதும் நிறம் வேறாக இருக்கிறது என்கிறார்கள். பதித்த சில மாதங்களில் தரையில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்று மழைக்காலம்தோறும் அழைப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அனுபவத்தால் ஒரு பதில் சொல்கிறோம். அது ஒருமுறை பலிக்கிறது, மறுமுறை பலிப்பதில்லை. ஒரு சிக்கலை முறையாக எடுத்து, ஆராய்ந்து, தீர்வு கண்டு, அதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது.

இந்தக் குறையைத் தீர்க்கவே வடிவமைப்பும் புத்தாக்கமும் பாடமாக உள்ள முதுநிலைப் படிப்பு ஒன்றைப் பகுதி நேரமாகப் படிக்க விரும்புகிறேன். பட்டறையை விட்டு இரண்டு ஆண்டுகள் வெளியூர் போக என்னால் இயலாது. வேலைக்கு இடையில் இதை உண்மையாகவே படித்து முடிக்க முடியுமா என்பதே என் முதற்கேள்வி. எனக்குப் படம் வரையவும் வராது, அது தடையாகுமா? பட்டறையின் சிக்கலையே படிப்பின் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ள விடுவார்களா? படித்தவர்கள் யாராவது விளக்கமாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பலகாரக் கடைக்காரர், காரைக்குடி

வணக்கம் தம்பி. நான் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில், இதே துறையில், பகுதி நேரமாக மூன்று ஆண்டுகள் படித்து முடித்தவன். எங்களுடையது சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் செய்து விற்கும் குடும்பத் தொழில். நான் பட்டதை எழுதுகிறேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பிரிட்டிஷ் முறையில் ஒரு முதுநிலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட் வேண்டும். 120 கிரெடிட்டில் முதுநிலை டிப்ளமோவும், 60 கிரெடிட்டில் முதுநிலைச் சான்றிதழும் கிடைக்கும். ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 10 மணி நேரப் படிப்பு என்று அவர்களே வகுத்திருக்கிறார்கள். அப்படியானால் முழுப் பட்டத்துக்கு 1,800 மணி நேரம். ஆண்டுக்கு 60 கிரெடிட் வீதம் எடுத்து, அதை 40 வாரங்களுக்குப் பிரித்தால், வாரத்துக்கு 15 மணி நேரம் வருகிறது. விளம்பரத்தில் ‘உங்கள் வசதிப்படி படிக்கலாம்’ என்று எழுதியிருக்கும். வசதிப்படி என்பது நேரத்தை நகர்த்திக்கொள்ளலாம் என்பதுதானே தவிர, குறைத்துக்கொள்ளலாம் என்பதன்று. நான் விடியற்காலை நாலரை முதல் ஆறரை வரை படித்தேன். இணைய வகுப்பு லண்டன் நேரப்படி மாலை ஏழு மணிக்கு இருக்கும். குளிர்காலத்தில் அது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வீட்டின் உள்கட்டில் சிக்னல் வராது என்பதால் முகப்புத் திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தீபாவளிக்கு முந்தைய ஐந்து வாரங்களில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டதால், பிறகு அந்த வாரங்களை முன்கூட்டியே கழித்துத்தான் அட்டவணை போட்டேன். உங்களுக்கும் கல்யாண மாதம், கிரகப்பிரவேச மாதம் என்று ஒரு நெருக்கடிக் காலம் இருக்கும். சேரும் முன்பே ஒப்படைப்பு நாட்களைக் கேட்டு வாங்கி, உங்கள் ஆர்டர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது படிப்பு என்ன செய்யும் என்பதற்கு வருகிறேன். வெளியூர் அனுப்பும் சீப்புச் சீடை உடைந்து போய்ச் சேருகிறது என்பது எங்கள் நெடுநாள் குறை. முதல் ஒப்படைப்பில், அதற்கு உறுதியான ஒரு பெட்டி வடிவமைக்கப் போகிறேன் என்று படத்தோடு பத்துப் பக்கம் எழுதினேன். மதிப்பெண் குறைவாக வந்தது. சீடை எந்த இடத்தில் உடைகிறது என்று நீங்கள் எங்கும் எழுதவில்லையே என்று வழிகாட்டி ஆசிரியர் ஒரே வரியில் குறிப்பெழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. கூரியர் வண்டியில் உடைகிறது என்பது ஊருக்கே தெரிந்த செய்தி அல்லவா? ஆனாலும் அடுத்த வாரம் எண்ணிப் பார்த்தேன். சட்டியிலிருந்து எடுத்தபோது, தாம்பாளத்தில் ஆறியபோது, பெரிய டின்னில் நிறைத்தபோது, டின்னிலிருந்து பெட்டிக்கு மாற்றியபோது, சென்னையில் உறவினர் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது என்று ஐந்து கட்டங்களில் உடைந்த சீடைகளை எண்ணினோம். பாதிக்கு மேல் உடைந்தது எங்கள் கடைக்குள்ளேயே, டின்னைச் சாய்த்துப் பெட்டியில் கொட்டும் அந்த ஒரு நொடியில்தான். தாம்பாளத்திலிருந்து நேராகப் பெட்டியில் அடுக்கி, பெட்டியோடு எடை போடுவது என்று மாற்றினோம். புதுப் பெட்டி வேண்டியிருக்கவில்லை.

பிரிட்டனின் டிசைன் கவுன்சில் 2005இல் வெளியிட்ட ‘இரட்டை வைரம்’ என்ற வரைபடத்தை எல்லாப் பாடத்திட்டங்களிலும் பார்ப்பீர்கள். கண்டறிதல், வரையறுத்தல், உருவாக்குதல், வழங்குதல் என்று நான்கு கட்டங்கள். முதல் இரண்டு கட்டங்கள் ஒரு வைரம், அடுத்த இரண்டும் மற்றொன்று. அதில் முதல் வைரம் முழுவதும் சிக்கல் எது என்று தேடுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தொழிலில் ஊறிய நம்மைப் போன்றவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். என்னைப் பொறுத்தவரை மூன்று ஆண்டுப் படிப்பின் பயனில் பாதி அந்த முதல் வைரம்தான்.

திட்டப்பணியைப் பொறுத்தவரை, பகுதி நேர மாணவரிடம் அவர் வேலை செய்யும் இடத்தையே களமாக எடுக்கச் சொல்லும் படிப்புகள் உண்டு. கற்பனை நிறுவனத்தை வைத்து அறிக்கை எழுதச் சொல்லும் படிப்புகளும் உண்டு. படிப்பின் பெயரில் ‘புத்தாக்கம்’ இருக்கிறதா என்று பார்ப்பதை விட, சென்ற ஆண்டு மாணவர்கள் எந்தத் தலைப்புகளில் ஆய்வேடு எழுதினார்கள் என்று கேளுங்கள்.

மறுமொழி: பள்ளத்தூர்ப் பெண், இப்போது பெங்களூரில்

நான் முழுநேரமாக எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் பட்டம் படித்து, பொருள் வடிவமைப்பாளராகப் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மேலே எழுதியவர் சொன்ன நேரக் கணக்கு மிகவும் சரியானது. இந்திய நிலவரத்தையும், அவர் தொடாத ஒன்றிரண்டையும் சேர்க்கிறேன்.

நம் நாட்டில் இந்தத் துறையின் முதன்மையான நிறுவனங்கள் இரண்டு. ஒன்று, அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம். மற்றொன்று, பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1969இல் தொடங்கப்பட்ட தொழில்துறை வடிவமைப்பு மையம். முதலாவதில் எம்.டெஸ். இரண்டரை ஆண்டுகள், ஐ.ஐ.டி.க்களில் இரண்டு ஆண்டுகள். இவை பெரும்பாலும் முழுநேரப் படிப்புகளே. ஐ.ஐ.டி.க்களுக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கும், ‘சீட்’ எனப்படும் வடிவமைப்புப் பொது நுழைவுத் தேர்வு ஜனவரியில் நடக்கிறது. அதன் முதற்பகுதி கணினியில். இரண்டாம் பகுதியில் தாளில் கையால் வரைய வேண்டும். வயது வரம்பு இல்லை, எத்தனை முறையும் எழுதலாம், மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். பட்டறையை விட முடியாது என்று நீங்களே சொல்லிவிட்டதால் இந்த வழி உங்களுக்கு உடனடியாகப் பொருந்தாது. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் உங்களுக்கு நீங்களே விடை சொல்லிக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்களுக்கு வேண்டியது பட்டமா, பயிற்சியா? பிற்காலத்தில் கல்லூரியில் கற்பிக்கவோ அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவோ எண்ணம் இருந்தால், உள்நாட்டுத் தொலைநிலைப் படிப்பாயின், அந்தப் படிப்புக்கே தனியாகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அப்படி அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று மானியக் குழு 2022இல் அறிவித்திருக்கிறது. வெளிநாட்டுப் பட்டமாயின் இங்கே இணைத்தகுதி கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் நோக்கம் பட்டறையை மேம்படுத்துவது மட்டும் என்றால் இந்தக் கவலைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

அதனால், நேராகப் பெரிய கட்டணம் கட்டிச் சேருவதற்கு நான் உடன்படவில்லை. ஐ.ஐ.டி.க்களின் பாடங்களை இணையத்தில் தரும் என்.பி.டி.இ.எல். தளத்தில் பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் ‘வடிவமைப்பு, தொழில்நுட்பம், புத்தாக்கம்’ என்ற பாடம் உண்டு. வகுப்பு இலவசம், நேரில் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம். இறுதி மதிப்பெண்ணில் வாரப் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும் தேர்வுக்கு 75 விழுக்காடும் தருகிறார்கள். எட்டு வாரம் தவறாமல் உட்கார உங்களால் முடிகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். முடியாவிட்டால் மூன்று ஆண்டுப் படிப்பின் கட்டணத்தைக் காப்பாற்றிக்கொண்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பாய் மையத்தார் நடத்தும் டிசோர்ஸ் என்ற தளமும் இலவசம். நாட்டின் பல கைத்தொழில்களைப் படிப்படியாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். பிறருடைய தொழிலை ஒரு வடிவமைப்பாளர் எந்த வரிசையில் கவனித்துப் பதிவு செய்கிறார் என்பதற்காகவே அதைப் பார்க்கலாம்.

வரைவதைப் பற்றிக் கேட்டீர்கள். சித்திரம் வரைவது வேறு, எண்ணத்தைக் கோடாக்குவது வேறு. உங்களுக்குத் தேவை இரண்டாவதுதான். சிவில் படித்தவருக்குத் தளப்படமும் குறுக்குவெட்டும் தெரியும். அதோடு, ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் குச்சி உருவங்களால் கட்டம் கட்டமாக வரையப் பழகினால் போதும். தினம் பதினைந்து நிமிடம், அழிப்பான் இல்லாமல், பேனாவால் மட்டும் வரையுங்கள். உங்கள் மூத்தவர் அச்சைத் தூக்குகிறாரே, அந்த மூன்று நொடியை ஆறு படங்களாக வரைந்து பாருங்கள். மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த விரல் முதலில் விடுகிறது என்பதைப் பார்க்காமல் வரைய முடியாது. ஆறு ஆண்டுகளாகப் பார்த்தும் பார்க்காதிருந்தது அப்போது கண்ணில் படும்.

பகுதி நேரப் படிப்பில் கிடைக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டுடியோவில் இருபது பேர் ஒரே கூடத்தில் வேலை செய்தோம். பக்கத்து மேசைக்காரர் என் மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பதே எனக்குப் பாடமாக இருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு அது இல்லை. அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். காரைக்குடியில் மரவேலை செய்பவர், ஓலையில் கொட்டான் எனும் கூடை முடைபவர், கண்டாங்கிச் சேலை நெய்பவர் என்று நாலு பேரைச் சேர்த்து மாதம் ஒரு ஞாயிறு உங்கள் மாதிரிகளை அவர்கள் முன் வையுங்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்களையும் அழையுங்கள். ஒரு பொருள் எழுபது ஆண்டுகள் புழங்கியபின் எங்கே தேய்கிறது, எங்கே விரிசல் விடுகிறது என்பது அவர்கள் தினமும் பார்ப்பது.

கடைசியாக, மனத்தில் இருப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. வடிவமைப்பு மாணவர்கள் பலர் நம் பகுதிக்கு வந்து, கைவினைஞர்களிடம் இரண்டு வாரம் கற்றுக்கொண்டு, ஆய்வேட்டில் அவர்களுடைய பெயரைக்கூடக் குறிப்பிடாமல் ‘உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர்’ என்று எழுதிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மூத்தவர் சம்மதித்தால், அவருடைய பெயர் உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மறுமொழி: கண்டாங்கி வணிகர், காரைக்குடி

ஒரு செய்தி மட்டும். புதிய பூ வடிவம் எதையாவது உருவாக்கினால், ஆய்வேட்டிலோ இணையத்திலோ வெளியிடும் முன்பே 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முன்பே வெளியாகிவிட்ட வடிவத்தைப் புதியது என்று பதிய முடியாது. பதிந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை இருக்கும். அது தோற்றத்துக்கு மட்டும்தான், செய்முறைக்கு அன்று. பழைய வீடுகளின் தரையில் நூறு ஆண்டுகளாக இருக்கும் பூக்கள் ஊர்ப் பொது. அவற்றை எவரும் தன் பெயரில் பதிய முடியாது, பதிய நினைப்பதும் முறையன்று. எங்கள் காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் இன்ன ஊருக்கு உரியது என்ற பதிவு, தனி ஒருவருக்கு உரியதன்று. அந்த வேறுபாட்டைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் சேரும்போது மாணவர் உருவாக்கும் வடிவத்தின் உரிமை யாருக்கு என்ற விதியையும் கேளுங்கள்.

மறுமொழி: ஓய்வு பெற்ற வேதியியலார், காரைக்குடி

தம்பிக்கு வணக்கம். எனக்கு வடிவமைப்புத் துறையில் பழக்கமில்லை. வாழ்நாள் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் என்ற முறையில், உங்கள் கேள்வியில் வந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். ‘உப்புப் பூக்கிறது’ என்கிறீர்கள். அது உப்புத்தான் என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கல்லுக்குள் ஈரம் இருந்தால், அது அந்த ஈரத்தில் கரைந்து மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பார்வைக்கு உப்புப் போலவே இருக்கும். ஆனால் அது சுண்ணாம்பு வகை, தண்ணீரில் கரையாது. மணலிலோ தண்ணீரிலோ கரையும் உப்புகள் இருந்தால், அவையும் இதே போல ஈரத்தோடு ஏறிவந்து, ஈரம் காய்ந்ததும் வெள்ளையாக நிற்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்று. காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலாவதற்குக் கலவையின் நீர் அளவையும், பதப்படுத்தும் முறையையும், தரைக்கடியிலிருந்து ஏறும் ஈரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு மணலையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஒருமுறை பலித்த பதில் மறுமுறை பலிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? ஒரே பெயரில் இரண்டு நோய்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வெள்ளையைப் பிளேடால் சுரண்டி இரண்டு கிண்ணங்களில் போடுங்கள். ஒன்றில் சுத்தமான தண்ணீரை விட்டுக் கலக்குங்கள், கரைந்துவிட்டால் உப்பு. மற்றொன்றில் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் கார்பனேட். கல்லின் மேல் மட்டும் வினிகரை ஊற்றிவிடாதீர்கள்; அமிலம் சிமெண்டின் மேற்பரப்பை அரித்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும்.

நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். கல் வார்த்த தேதி, மணல் லோடு வந்த தேதி, எத்தனை நாள் தொட்டியில் இருந்தது, எங்கே பதிக்கப்பட்டது, புகார் வந்த மாதம் ஆகிய இவ்வளவும் ஒரு வரியில் வர வேண்டும். எதையாவது மாற்றிப் பார்த்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புத்தாக்கம் என்று எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், இந்த நோட்டு இல்லாமல் எழுதும் ஆய்வேட்டில் சான்று இருக்காது.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு இந்த ஊரில் அடிக்கல் நாட்டினார். அந்த ஆய்வகம் இங்கிருந்து சில கல் தொலைவில் இருக்க, நம் பட்டறைகள் மட்டும் கண்மதிப்பில் நடந்துகொண்டிருப்பது எனக்கு நீண்டகால வருத்தம். ஆகவே நீங்கள் படிக்க நினைப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வேதியியல் பக்கத்தில் என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேட்டவரின் பதில்: பட்டறைக்காரன், ஆத்தங்குடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன், ஆச்சி, ஐயா, எல்லாருக்கும் என் நன்றி.

முதலில் படிப்பைப் பற்றி. அண்ணன் சொன்ன 15 மணி நேரத்தை ஆர்டர் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். தை முதல் ஆனி வரை வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் என்னால் தர முடியாது. ஆகவே இந்த ஆண்டு பட்டப்படிப்பில் சேரவில்லை. ஆச்சி சொன்ன எட்டு வாரப் பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். அதை முடித்த பிறகு, 60 கிரெடிட் சான்றிதழில் தொடங்கி, அதே கிரெடிட்டை வைத்துப் பட்டம் வரை தொடர இடம் தரும் படிப்பைத் தேடலாம் என்று இருக்கிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதி, சென்ற ஆண்டு ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டேன்; ஒன்றிலிருந்து பட்டியல் வந்தது, மற்றொன்றிலிருந்து விளம்பரத் தாள் மட்டும் வந்தது.

மூத்தவர் அச்சைத் தூக்குவதை வரைந்தேன். ஆறு படத்துக்குப் பதிலாக ஒன்பது ஆயின. அவர் அச்சை நேராகத் தூக்குகிறார் என்றுதான் நான் இதுவரை புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். உண்மையில் தூக்குவதற்குச் சற்று முன், நெல்லளவு கூட இருக்காது, வலப்பக்கம் ஒரு சிறு அசைவு கொடுத்து நிறத்தை அச்சிலிருந்து விடுவித்துக்கொள்கிறார். அவரிடமே படத்தைக் காட்டிக் கேட்டேன். ‘அது கையா செய்யுது, எனக்குத் தெரியாதே’ என்று சொல்லிவிட்டு, படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பெயரை எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். இனிஷியலோடு எழுதச் சொன்னார்.

ஐயா சொன்ன சோதனையையும் செய்தேன். புகார் வந்த மூன்று வீடுகளுக்குப் போய் வெள்ளையைச் சுரண்டி வந்தேன். கோனாபட்டு வீட்டுத் தூளும் தேவகோட்டை வீட்டுத் தூளும் தண்ணீரில் அப்படியே அடியில் தங்கின. வினிகர் விட்டதும் நுரைத்தன. கானாடுகாத்தான் வீட்டுத் தூள் தண்ணீரில் முழுவதும் கரைந்துவிட்டது, வினிகரில் நுரைக்கவே இல்லை. பழைய ரசீதுகளைப் புரட்டிப் பார்த்ததில், அந்த வீட்டுக் கல் வார்த்த மாதத்தில் மட்டும் நாங்கள் வழக்கமாக மணல் எடுக்கும் இடத்தை விட்டு வேறு இடத்திலிருந்து இரண்டு லோடு வாங்கியிருக்கிறோம். அந்த மணலில் கொஞ்சம் இன்னும் பட்டறைக் கொல்லையில் கிடக்கிறது. ஐயாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாமா?

மறுமொழி: ஓய்வு பெற்ற வேதியியலார், காரைக்குடி

அவசியம் வாருங்கள் தம்பி. இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். கொல்லையில் கிடக்கும் மணலையும், வழக்கமான மணலையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே தேதியும் இடமும் எழுதிக் கொண்டுவாருங்கள். பட்டறைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். மூத்தவருக்கு வசதிப்பட்டால் அவரையும் அழைத்து வாருங்கள். மணலைக் கையில் எடுத்ததும் அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.